நான் கூப்பிட்டால் எடுக்காதே

அன்பு பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலம் என்பது, ஒரு நாளைக்கு ஒன்பது தடவை போன் செய்கிற எனக்குத் தெரியாமலா இருக்கும்! அப்பாவும் தையல் மெஷினும் வழக்கம்போலத்தான், இரண்டில் மெஷின்தான் கொஞ்சம் அதிகம் பேசுகிறது. எனக்குத்தான் உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, கோணல் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

போன வாரம் உன் ஆபீஸ் வரவேற்பில் இருக்கிற பெண்ணைக் கூப்பிட்டு உன்னை மீட்டிங்கிலிருந்து வெளியே வரவைத்தேன். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணா நம்பரையே மாத்திடுவேம்மா"ன்னு நீ கத்தியது நியாயம்தான். காரணத்தை மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். எங்கள் ரொட்டி பேக்டரியில் ஆள் நுழைகிற பெரிய அடுப்பு இருக்கிறதே, அதைச் சாத்தும் முன் "உள்ள யாரு?" என்று இரண்டு தடவை கூவுவோம், பதில் வராவிட்டால் மூடிப் பற்றவைப்போம். ஏழு வாரத்துக்கு முன்னால் நானும் கூவினேன், பதில் இல்லை, மூடிப் பற்றவைத்தேன். உள்ளே எங்களோடு வேலை பார்க்கிற ரேடியோ இருந்தார் பாப்பா! ஓயாமல் பேசுவதால் அவருக்கு அந்தப் பெயர், அன்றைக்கென்று வாயில் துணி கட்டிக்கொண்டு கருகல் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார், விசிறிச் சத்தத்தில் என் குரல் கேட்கவில்லை. கதவை அவர் தட்டியதும் திறந்துவிட்டேன், உள்ளங்கை இரண்டும் கொப்பளித்ததோடு போயிற்று. புண் ஆறி வேலைக்கே வந்துவிட்டார், "அக்கா, நான் வேகாத ரொட்டி, திருப்பி அனுப்பிட்டீங்க"ன்னு என்னையே கிண்டல் பண்ணுகிறார். எனக்குத்தான் ஆறவில்லை. எங்கே கதவு சாத்தினாலும் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை, சும்மாவே எரிந்து விழுகிறேன். இந்த லட்சணத்தில் மனநல வீடியோ பார்த்துப் பார்த்து அரை டாக்டராகி, அப்பாவுக்குத்தான் அதிர்ச்சி, ஆள் பேசவே மாட்டேங்கிறார் என்று அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன்! "கல்யாணத்தன்னைக்கே நான் இப்படித்தானே இருந்தேன்"னார். நர்ஸ் சிரித்துவிட்டு, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டாள். அவ்வளவுதான், அழுகை நிற்கவேயில்லை.

இப்போது வாராவாரம் அங்கே மனநலக் கவுன்சிலரிடம் போகிறேன். "பயந்த மனசு காவல் காக்குதும்மா, இது பைத்தியமில்ல, ஆனா ஒரு மாசம் தாண்டியும் விடலைன்னா தனியா சுமக்கக் கூடாது"ன்னார். நீ போன் எடுக்காத ஒவ்வொரு தடவையும் நான் அந்த அடுப்பு வாசலில்தான் நிற்கிறேன் என்பது அங்கே உட்கார்ந்து பேசும்போதுதான் எனக்கே உறைத்தது. அதனால் கவுன்சிலரும் நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். காலையில் ஒரு தடவை பேசுவோம். அதற்கு மேல் கூப்பிட்டால் எடுக்காதே, பாவம் பார்க்காதே. பதில் வராவிட்டாலும் என் பிள்ளை எங்கோ உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நான் பழக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கும் எதையாவது கண்டு மனசு பதறினால் என்னைப் போல மூடி வைக்காதே, யாரிடமாவது கொட்டிவிடு. மகராசியாய் இரு. இந்தக் கடிதம் வந்ததா என்று கேட்க எப்படியும் கூப்பிடுவேன். அதையும் எடுக்காதே கண்ணு.

உன் அம்மா