காலாற நடக்கப் போன ஷூக்கள்

ஜூலை 3, புதன்

டம் டம் டம்! இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மாட்சிமை தங்கிய எனது மேலுதட்டில் இன்று காலை மூன்றாவது முடி முளைத்துவிட்டது. உதடும் முடியும் நலம். அக்கா பார்த்துவிட்டு, "அது முடி இல்லடா, அழுக்கு. மூஞ்சியைக் கழுவு" என்றாள். பொறாமை.

இந்தப் பள்ளிக்கு வந்து எட்டு மாதம். இதுவரை என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை, என்னால்தான் சிரிக்கிறார்கள். பழைய பள்ளியில் இரண்டு வருடம் என் ஷூவைக் கூரைமேல் எறிந்து விளையாடிய அந்த ஐந்து பேரும் இப்போது வந்து பார்க்கட்டும். சிங்கம்டா நான். அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு.

ஜூலை 5, வெள்ளி

வகுப்புக்குப் புதிதாக ஒருவன். கேட்டால்தான் பதில், அதுவும் பாதி. 'சைலன்ட் மோட்' என்று பெயர் வைத்தேன். மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து இருக்கைக்காரனுக்கு 'ஒலிபெருக்கி' என்று சும்மாவா பெயர் வைத்தேன்?

"இவனுக்கு என்ன ஸ்பெஷல் தலைவா?" என்றான் ஒலிபெருக்கி.

காலை வாருவதில் எனக்குக் காலை, மாலை பேதமே கிடையாது. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே எல்லாரும் ஷூவைக் கழற்றிவைப்போம். திங்கட்கிழமை அவன் ஷூ என் பைக்குள் போகும், அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு: "காலாற நடந்துவிட்டு வருகிறோம். தேட வேண்டாம். இப்படிக்கு, உன் ஷூக்கள்."

எழுதிவிட்டு நானே உருண்டு உருண்டு சிரித்தேன்.

ஜூலை 8, திங்கள்

நடந்தது.

வெளியே வந்தான். சீட்டைப் படித்தான். தேடவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையின் அடியில் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் — ஒரு நொடி.

தேடாமல் போகிறவன் யார்? தேடும்போதுதான் ரொம்பச் சிரிப்பார்கள் என்று தெரிந்தவன்.

எனக்கும் தெரியும். என் பையோட அடியிலயும் அதே மாதிரி ஒரு ஜோடி செருப்பு இருக்கு. எட்டு மாசமா! இங்க ஒருத்தனும் என் ஷூவைத் தொட்டதில்ல. "இன்னும் எதுக்குடா அதைச் சுமக்கிற?" என்று அக்கா கேட்டால், "மழை வந்தா?" என்பேன். கொளுத்துகிற வெயிலிலும் அதே பதில்.

ஜூலை 9, செவ்வாய்

செருப்போடு வந்தான். வாத்தியார் கேட்டதற்கு, "ஷூ கிழிஞ்சிருச்சு சார்" என்றான். யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லி எங்களை மாட்டிவிட்டிருக்கலாமே, பாவி!

ஜூலை 10, புதன்

அவன் ஷூவுக்கு பாலிஷ் போட்டேன். என்னுடையதற்குக்கூடப் போட்டதில்லை.

ஒலிபெருக்கி சொல்கிறான்: "நாளைக்கு அந்தச் செருப்பையும் தூக்கிடுவோம் தலைவா. வெறுங்காலோட போகட்டும்!" சிரித்து வைத்தேன். வேண்டாம் என்றால் அடுத்து என் பக்கம் திரும்புவார்களோ?

சிங்கம் கேட்கிற கேள்வியா இது?

ஜூலை 11, வியாழன்

பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள். நெஞ்சை நிமிர்த்தி, ஊரறிய, "ஷூவை எடுத்தவன் நான்! அவன் செருப்பை எவனாவது தொட்டீங்க, தொலைச்சிருவேன்!" என்று கர்ஜித்தேன். வகுப்பே நடுங்கியது.

சரி, பொய்.

"வேணாம்டா" என்றேன். அதுவும் எலிக்குஞ்சுக் குரலில். "தொண்டை கட்டிருச்சா தலைவா? சரி, வேணாம்னா வேணாம்" என்று ஒலிபெருக்கி அவன் பாட்டுக்குப் போய்விட்டான். அவ்வளவுதானா? இதற்கா நேற்றெல்லாம் பயந்தேன்?

பிறகு வராந்தாவில் சைலன்ட் மோடிடம் ஷூவை நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன, நல்லா சுத்திட்டு வந்துச்சா?" என்றான்.

என் தொழிலை என்னிடமேவா! சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. கூடவே விக்கல். கூரை, அந்த ஐந்து பேர், பைக்குள் இருக்கும் செருப்பு — அக்காவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் கொட்டிவிட்டேன். அவன் முதுகைத் தட்டித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான்.

"உனக்காவது கூரை. காத்தோட்டமா இருக்கும். எனக்குக் குப்பைத்தொட்டிடா."

விக்கலுக்கு நடுவே சிரித்துப் புரையேறியது. அவனும் சிரித்தான், சத்தமாக. பெயரை மாற்ற வேண்டும்.

மணி அடித்தது. அவனுடைய தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது —

மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை.