குளிர்க்கட்டி

நவம்பர் 2, ஞாயிறு

மூடுபனி, சாரல். கல்லறைத் திருநாள். என் வீட்டுக்காரருக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் செவ்வந்தி, மெழுகுவத்தி. அக்கா கல்லறையில் மட்டும் சுடர் நிற்கவில்லை. பின்னால் யாரோ, "பாவம், நெஞ்சுவலில பொசுக்குனு போயிட்டாங்க." நாங்கள் ஊருக்குச் சொன்னதுதான். இன்னும் நம்புகிறார்கள்.

ஸ்வெட்டர் பொத்தான் தைக்க வேண்டும்.

இடது மார்புக் கட்டி அப்படியே. வலி இல்லை. இந்த மலையில் எது வீங்கினாலும் குளிர்க்கட்டி என்பார்கள். யூக்கலிப்டஸ் தைலம், வெந்நீர்ப் பை. அக்காவும் இதைத்தான் செய்தாள்.

நவ. 3, திங்கள்

தாமதமாக வெயில். மன்னவனூர் கேரட், பாதி மண். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் வந்தாள். பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்தவரின் மனைவி. கூச்சம் என்பதே கிடையாது.

"என்னங்க மேரிம்மா, வீடே தைலக் காடா கெடக்கு?"

"சளி."

"சளிக்கு ஒரு பக்கத்த மட்டுமா பொத்திக்கிட்டு நிப்பாங்க?"

சொல்லிவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

"கண்ணாடில பாத்தீங்களா? கையத் தூக்கிப் பாக்கணும்."

பார்த்ததில்லை. கான்வென்ட் விடுதியில் நீளச் சட்டையோடு குளிக்கப் பழக்கினார்கள். எழுபத்து நான்கு வயதிலும் அப்படித்தான் என்றேன்.

"பாக்காமயே இருந்தா, உங்க கான்வென்ட் மதர் எந்திரிச்சு வந்து மெடல் குத்தப் போறாங்களா?"

டீ ஆறிவிட்டது.

நவ. 4, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. குளித்தபின் சட்டையைக் கழற்றி அலமாரிக் கண்ணாடி முன் நின்றேன். கையை உயர்த்தினேன். இடது பக்கத் தோல் உள்ளிழுத்துக் குழி. காம்பும் உள்ளே.

இதை முன்பே பார்த்திருக்கிறேன். பெட்டியில் வைக்குமுன் அக்காவைக் குளிப்பாட்டியபோது. இதே குழி, அருகில் புண், அதன்மேல் தைலம். அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கண்ணாடியில் நின்றது அக்கா. நான் கையை இறக்கினேன். அவள் இறக்கினாளா என்று பார்க்கவில்லை.

நவ. 5, புதன்

செபமாலை சொல்ல முடியவில்லை. தைல பாட்டிலைத் தோட்டத்தில் கொட்டினேன். வாசனை போகவில்லை. ஹாலில் அக்கா இருமுவதுபோல. நூர்ஜஹானுக்குப் போன்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்." வெள்ளனே வருகிறாளாம்.

நவ. 6, வியாழன்

ஆஸ்பத்திரி. பெண் டாக்டர், இளவயது. சூடான கைகள். அக்குளையும் அழுத்திப் பார்த்தார்.

"வலி இல்லைன்னு விட்டுட்டீங்களாம்மா? வலிக்காத கட்டியத்தான் முதல்ல காட்டணும்."

மதுரையில் மேமோகிராம் எடுக்க வேண்டுமாம். ஊசியால் சதை எடுத்துச் சோதனை. "ரிசல்ட் வராம எதையும் சொல்ல மாட்டேன். ஆனா தள்ளிப் போடாதீங்க."

பிறகு, "குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

நூர்ஜஹான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 'இல்லை' நாக்குவரை வந்தது. பழகிய சொல்.

"என் அக்காவுக்கு."

எனக்கு மகள் உண்டா, என்ன வயது என்றார். நாற்பத்தெட்டு. "அவங்களையும் செக் பண்ணிக்கச் சொல்லுங்க."

மாலை, சென்னைக்குப் போன். ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பார்த்ததையும்.

"பெரியம்மாவுக்கு நெஞ்சுவலிதானேம்மா?"

"இல்லை."

அப்புறம், "எந்தப் பக்கம்?"

எனக்கா, அக்காவுக்கா என்று நான் கேட்கவில்லை.

"இடது."

"போனை வைக்காதம்மா," என்றாள். அவள் அறைக் கதவைத் தாழிடும் சத்தம் கேட்டது.