மெஷின் மேல் தெளித்த பீர்

எல் ஆல்ட்டோ, மே 19

அன்பு மகள் நெல்வாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இருமலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் நீ பார்த்துக்கொள்கிற அந்த வயதான அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எதிர்க்கடை செனோபியா வியாழக்கிழமை நீ இருக்கிற வலென்சியாவுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் நீ கேட்ட காய்ந்த உருளைக்கிழங்கையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கடைசியில் டிக்கெட் எடுப்பதாகச் சொன்னாயே, எடுக்காதே. மெஷினைச் சரிபண்ண நீ வர வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், பாதியில் கிழித்துப் போடாமல் முழுக்கப் படி.

ஜனவரியில் பேனர் அச்சடிக்கிற அந்தப் பழைய மெஷினை வாங்கியபோதே, சோதனைத் தாள் அடித்துப் பார்க்காமல் வாங்காதே என்று மெஷின் வேலை தெரிந்த நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய், நான் கேட்கவில்லை. வந்த வாரமே நீல நிறம் பாதிதான் விழுந்தது. இந்த ஊர்க் காற்றுக்கு மனிதர்களின் உதடே வெடிக்கிறது, மை தெளிக்கிற ஹெட்டில் மை காயாமல் இருக்குமா. எந்த நிறத்தில் கோடு விட்டுப்போகிறது என்று தாளைப் பார், ஹெட்டைக் கழுவு, ஆனால் ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் கழுவாதே, காற்றில் ஈரம் இருக்கப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வை என்று நீ சொன்னபடி செய்தேன், நாலே நாளில் நிறம் திரும்பியது. அதோடு விட்டிருக்கலாம். கடைக்கும் மெஷினுக்கும் காணிக்கை தெளிக்கிற கார்னிவல் செவ்வாயன்று உன் அப்பா காகிதத் தோரணமும் வண்ணப் பொடிக்காகிதமும் பீர் பாட்டிலுமாக வந்து நின்றார். நாலு மூலையிலும் பூமித்தாய்க்கு நாலு சொட்டு போதும் என்றேன். "வெளிய மட்டும் தெளிச்சா உள்ள இருக்கிறதுக்கு யாருடி காவல்?" என்று மூடியைத் திறந்து உள்ளேயும் தாராளமாக ஆசீர்வாதம் செய்துவிட்டார்.

அடுத்த வாரம் நடனக் குழுவின் பேனர் அடித்தேன். இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது, வலப்பக்கம் எல்லாம் இரட்டை நிழல். படத்தில் விழாத் தலைவரின் மனைவிக்கு நாலு கண். அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "எம் புருஷனக் கண்காணிக்க எனக்கு ரெண்டு கண்ணே போதும், மிச்சத்த நீயே வச்சுக்கோ" என்று அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு அழுதேன், நினைவிருக்கிறதா.

அதிலிருந்து தினமும் நீ கூப்பிட்டாய். அதற்கு முன்னால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, சாப்பிட்டியா தூங்கினியா என்று பத்து நிமிடம், பிறகு நீ பார்த்துக்கொள்கிற அம்மாள் மணியடிப்பாள், நீ போய்விடுவாய். குறை சொல்லவில்லை, உன் பிழைப்பு அப்படி. மெஷின் கெட்ட பிறகு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் பேசினாய். ஹெட்டைக் கழுவச் சொன்னாய், அச்சு வரிகளை நேராகச் சேர்க்கச் சொன்னாய், துணியை இழுத்துக் கட்டச் சொன்னாய், எதற்கும் மசியவில்லை. பிறகு ஒரு நாள், "அம்மா, நிழல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலயா ஆரம்பிக்குது? டேப் வச்சு அளந்து சொல்லு" என்றாய். அளந்தேன், ஒரு விரல் கூட மாறவில்லை. அப்படியானால் ஹெட் இல்லை, பின்னால் கண்ணாடி போல ஒரு மெல்லிய பட்டை இருக்கும், அதிலுள்ள கோடுகளைப் படித்துத்தான் ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும், அங்கே அழுக்கு இருக்கிறதா பார் என்றாய். மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன் நெல்வா. காய்ந்துபோன பீர்ச் சொட்டு ஒன்று, அதில் ஒட்டிக்கொண்டு ஒரு ரோஜா நிறப் பொடிக்காகிதம். நனைத்துப் பிழிந்த துணியால் மெதுவாகத் துடைத்தேன். அடுத்த பேனர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணாடி மாதிரி வந்தது.

இது நடந்தது ஏப்ரல் இரண்டாம் வாரம்.

அன்றைக்கு நீ கூப்பிட்டபோது, பட்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டேன். வேண்டுமென்றே சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சரியாகிவிட்டது என்று சொன்னால் நீ சந்தோஷப்பட்டு போனை வைத்துவிடுவாய், பிறகு பதினைந்து நாள் உன் முகத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஐந்து வாரமாக அந்த நாலு கண் பேனரைத்தான் திரும்பத் திரும்ப உனக்குக் காட்டினேன். "அம்மா, நேத்தும் இதே பொம்பளதானே வந்தா?" என்று கேட்டாயே, எனக்கு உயிரே போய்விட்டது. "பொண்ணு கிட்டயே பித்தலாட்டமா, வெக்கமா இல்ல?" என்று உன் அப்பா திட்டினார். ஆனால் நீ கூப்பிடுகிற நேரத்துக்குத் தலை வாரி, கையில் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் பிடித்துக்கொண்டு என் பின்னால் வந்து நிற்பதும் அவர்தான்.

போன ஞாயிறு நீ, "போதும்மா நீ படற பாடு, ஜூன்ல நானே வந்து பிரிச்சுப் பார்த்துடறேன்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் கம்பளியை வெயிலில் போட்டேன், கட்டிலைச் சுவரோரம் நகர்த்தினேன். அங்கே தங்குவதற்கான உன் காகிதம் நவம்பரில்தான் கைக்கு வரும், அதற்கு முன் அந்த நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா. செனோபியாவின் நாத்தனார் அப்பன் சாவுக்கு வந்துவிட்டு இங்கேயே மாட்டிக்கொண்டாள், குழந்தை அங்கே, இவள் இங்கே. எல்லாம் தெரிந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருடம் நீ அடுத்தவர் வீட்டில் நின்று சேர்த்ததை உன் அம்மாவே கெடுக்கப் பார்த்தாள். மன்னித்துவிடு கண்ணு. நீ வர வேண்டும் என்ற ஆசை எனக்குக் குறையவே இல்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நம் மலைகளும் பூமித்தாயும் உன்னைக் காக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. காகிதம் வரும்வரை அங்கேயே இரு. ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது கூப்பிடு. இங்கே எதுவும் கெட்டுப்போகாவிட்டாலும் கூப்பிடு.

என்றும் உன் அம்மா,
காசிமிரா