அப்பா சுமந்த பாய்

டுஃபி கண்ணு,

கோகோ மூட்டை ஏற்றப் போகிறேன். வாழைக்காய் அவித்து மூடி வைத்திருக்கிறேன், மீனோடு சாப்பிடு. பள்ளிக்கூடம் போகும்போது சாவியைக் கதவுக்கு மேலே வை.

"பதினோரு வயசாயும் படுக்கையில ஒண்ணுக்குப் போறா. ஈரப் பாயைத் தலையில வெச்சு வாசல் வாசலா சுத்த விடு, பிள்ளைங்க கேலிப் பாட்டுப் பாடட்டும்" என்று அத்தை நேற்று சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை. தப்பு என்னுடையது.

விடிந்ததும் பாயை நானே தலையில் வைத்துக் குழாயடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் போவாஹென் சிரித்தான்.

"யாரு பாய்டா அது?"

"என்னுதுதான். பன்னெண்டு வயசு வரைக்கும் நானும் சுத்துனேன். சுத்துனதால நிக்கல, தானா நின்னுச்சு."

பாய் கொடியில் காய்கிறது.

எழுத்து கோணல்தான். நீ சொல்லிக்கொடுத்ததுதானே.

சாயங்காலம் அத்தை வந்து பாயைக் கேட்டால், "அப்பா சுமந்துட்டாரு" என்று மட்டும் சொல்.