சத்தம் போடாத பெட்டி

மச்சான்,

இன்று காலை ஸ்டெல்லா சால்டரிங் பேஸ்ட் டப்பாவைத் திறந்தாள். வீடு முழுக்க உன் வாசனை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. என் தங்கை இன்னும் நீ உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, உன் கண்ணாடியையே மாட்டிக்கொண்டு, நீ கண்டுபிடித்த பெட்டியைச் செய்துகொண்டிருக்கிறாள். பக்கத்தில் டீயோடு நின்றேன். நிற்கவும் பிடிக்கவில்லை, நகரவும் முடியவில்லை.

அந்தப் பெட்டி பிறந்த கதையை அவள் அக்கம்பக்கத்தில் சொல்லும்போதெல்லாம் நீ பெரிய விஞ்ஞானி ஆகிவிடுகிறாய். எனக்கல்லவா தெரியும், எல்லாம் உன் முட்டி வலியால் வந்தது! டிரெய்லரின் பிரேக் விளக்கைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் முன்னால் லாரியில் ஏறி மிதிக்க, இன்னொருவன் பின்னால் நின்று பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் கிளீனர் கிடையாது, டிரைவர் தனியாகத்தான் வருகிறான். தண்டையார்பேட்டைப் பட்டறையில் அத்தனை பேருக்கும் நீயே ஏறி இறங்கி அலுத்துப்போய், "மாமு, இதுக்கு ஒரு வழி பண்றேன் பாரு" என்றாய்.

செய்தும் காட்டினாய். டிபன் பாக்ஸ் அளவில் பெட்டி, உள்ளே பேட்டரி. லாரியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் சொருக வேண்டும். பின்னால் நின்றபடியே ரிமோட்டை அமுக்கினால் பிரேக் விளக்கு எரியும்.

விற்பது என் வேலை. எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற டிரைவர்களிடம் இருவருமாகப் போனோம். ஒருவர் வண்டியைவிட்டு இறங்கக்கூட இல்லை. "எரியலன்னு தெரிஞ்சிகினு நான் இன்னா பண்றது? லைனை வுட்டுட்டு போவ முடியுமா? போய்யா!" உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு சிரித்துத் தொலைத்தேன்.

அப்புறம் ஒருவன் அதற்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தான். கண்டெய்னர் யார்டு ஒன்றின் வாசலில் விளக்குகளைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். எரியாவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். லாரிப் பக்கத்து வயர் செத்துப்போன அந்த ஆள், நம் பெட்டியை டிரெய்லருக்கு அடியில் சொருகி மறைத்தான். வாசலில் பிரேக்கை மிதிக்கச் சொன்னபோது, காலால் மிதித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்த ரிமோட்டை அமுக்கினான். விளக்கு ஜோராக எரிந்தது. உள்ளே போனதும் பெட்டியைக் கழற்றிப் பின்னால் வந்தவனிடம் கொடுத்துவிட்டான். ஒரே வாரத்தில் நம் சரக்கு முழுக்கப் போய்விட்டது. எதற்கு வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். "பிக்கப் ஆயிடுச்சு மச்சான்" என்று மட்டும் உன்னிடம் சொன்னேன். நீ எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வந்தாய்.

ரிமோட் ஒன்றைச் சரிபண்ண அந்த வாசலுக்கே போன அன்று நீ எல்லாவற்றையும் பார்த்துவிட்டாய். வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "பின்னால பைக்குல வர்றவன் இன்னா மாமு பாவம் பண்ணான்?" என்றாய்.

மறுநாளே பெட்டிக்குள் ஒரு பஸ்ஸர் வைத்தாய். சொருகியிருக்கும்வரை தெருவுக்கே கேட்கும்படி கத்தும். "இனிமே இத்த ஒளிச்சி வெச்சிகினு எவனும் உள்ள போவ முடியாது." யாரும் போகவும் இல்லை, யாரும் வாங்கவும் இல்லை. நீ அதைப்பற்றிக் கவலையே படவில்லை. மூன்று மாதத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

ஸ்டெல்லா நாற்பது நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தானே உன் சால்டரிங் அயர்னை எடுத்தாள். நீ சொல்லிக்கொடுத்தபடியே, பஸ்ஸரோடு, பத்துப் பெட்டி செய்தாள். முகத்தில் உயிர் வந்திருந்தது. இதை எவனும் வாங்கமாட்டான் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? விற்க எடுத்துப்போகும் வழியில் தெருமுனையில் என் பைக்கை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, பஸ்ஸர் வயரை வெட்டினேன். அன்றே எல்லாம் விற்றுப்போயின. அன்று தொடங்கியது. அவள் வைக்கிறாள், நான் வெட்டுகிறேன். இதைக் கண்டுபிடித்துத் தொலைத்ததற்காக உன்னைக்கூடத் திட்டியிருக்கிறேன்.

நேற்று சாயங்காலப் பூசைக்கு அவளை என் வண்டியில் அழைத்துப்போனேன். முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றது. பின்னால் ஒரு சிவப்பு இல்லை. நான் பிரேக் அடித்ததில் அவள் என் முதுகில் வந்து மோதினாள். மூச்சு வந்ததும் சொன்னாள்: "லைட்டே இல்ல பாருண்ணா. அவரு பொட்டி ஒண்ணு இவன்கிட்ட இருந்தா இந்த பேஜாரு உண்டா?"

சொல்லிவிட வாய்வரை வந்தது, மச்சான். சொன்னால் அவள் அந்த அயர்னை இனித் தொடமாட்டாள். உன்னை அவளிடமிருந்து இரண்டாம் தடவை பிடுங்கியவன் நானாவேன். "ஆமாம்மா" என்றேன்.

இன்று பன்னிரண்டு பெட்டி. ஒவ்வொன்றையும் சொருகி, கத்துகிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, திருப்தியானபிறகுதான் என் பையில் வைத்தாள். இதைத் தெருமுனையில் வண்டிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் பெட்டியைத் திறந்துவிட்டேன்.