ஆறே காலுக்குள் ஒரு பல்

என்னங்க, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். ஐந்தே காலுக்குப் பாப்பா ஹாலில் வழுக்கி விழுந்து, ஸ்டூலில் வாயை இடித்துக்கொண்டாள். மேல் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. எங்கே தெறித்ததென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உதட்டில் ரத்தம் நிற்கவில்லை, தெருமுனைப் பல் டாக்டரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

"பால் பல்தானே, முளைச்சிடும்" என்று நானே பத்து நிமிஷத்தை வீணாக்கிவிட்டேன். டாக்டர் போனில், "ஒன்பது வயசுல அது பால் பல் இல்லம்மா. விழுந்தா திரும்ப முளைக்காது. விழுந்த ஒரு மணி நேரத்துக்குள்ள பல்லைக் கொண்டு வாங்க, அதே இடத்துல திரும்ப வச்சுப் பார்க்கலாம்" என்றார்.

சோபாவை நகர்த்திப் பாருங்கள். கிடைத்தால் வெள்ளைப் பக்கத்தை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். மூடி போட்ட டப்பாவில் பாலை ஊற்றி, அதில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள்.

ஏழு தடவை போன் அடித்துவிட்டேன். காலையில் போட்ட சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், எடுங்கள்.

பி.கு.: டார்ச் தேடி உங்கள் டிராயரைத் திறந்தேன். "எல்லாம் குப்பை, தூக்கிப் போடுங்க" என்று காலையில் கத்தினேனே, அதே டிராயர்தான். தீப்பெட்டிக்குள் அவளுடைய முதல் பால் பல் இருந்தது. நீங்கள் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. எதையும் தூக்கிப் போட வேண்டாம். அதை எடுத்து வைத்த உங்கள் கண்ணில்தான் இதுவும் படும். தேடுங்கள்.