தவிர்த்த துறைமுகம்

மார்ச் 4, செவ்வாய்

எட்டாம் வழித்தடக் கப்பல் இரண்டு நாள் தாமதம். முந்தைய துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் வெளியே வரிசையில் நின்றிருக்கிறது. கப்பல்களுக்கு அட்டவணை போடுகிறவன் நான். இனி என் தலைவலி. தங்கை மாப்பிள்ளை அந்தக் கப்பலில்தான் இன்ஜினியர். ஒன்பது மாதம் முடிந்து இந்த வாரக் கடைசியில் நம் ஊரில் இறங்க வேண்டும். தங்கைக்கு அடுத்த வாரம் பிரசவம்.

மார்ச் 5

நாற்காலியில் உட்கார முடியவில்லை. நம் துறைமுகத்தில் நிற்காமல் தவிர்த்தால் இழந்த இரண்டு நாளையும் மீட்டுவிடலாம். தவிர்க்காவிட்டால், அடுத்த பெரிய துறைமுகத்தில் இதன் சரக்குக்காகக் காத்திருக்கும் ஆறு கப்பல்களும் தாமதம். அவை போய்ச் சேரும் இடங்களில் வேறு கப்பல்கள். இங்கே நின்றுபோவது நாற்பது சரக்குப் பெட்டிகள்தான். நாற்பது பெட்டிகளும் மாப்பிள்ளையும்.

மேலாளர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். அவரே உத்தரவிட்டிருந்தாலாவது பழியை அவர் தலையில் போட்டிருப்பேன்.

மாலையில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, கப்பல் வந்துடும்ல?"

பார்க்கலாம் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? நான்தானே போடுகிறேன்!

மார்ச் 6

தவிர்த்துவிட்டேன். உத்தரவு கப்பலுக்குப் போய்விட்டது, அடியில் என் பெயரோடு. மாப்பிள்ளைக்குப் பதிலாக ஏற வேண்டியவர் இங்கேதான் காத்திருக்கிறார். அந்தப் பெரிய துறைமுகத்தில் ஏற அவருக்கு விசா இல்லை. மாற்று ஆள் வராமல் மாப்பிள்ளை இறங்கவும் முடியாது. இன்னும் இருபது நாளுக்கு மேல் கப்பலில்தான்.

வேறு கப்பலாக இருந்தால் இரண்டு நிமிட வேலை. எத்தனை முறை செய்திருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது கேட்டேனா?

மார்ச் 7

தங்கையிடம் சொல்லவில்லை. கோழை.

மார்ச் 8

மாப்பிள்ளையிடமிருந்து செய்தி.

"மச்சான், அவகிட்ட புயல்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அதையே சொல்லிடுங்க."

அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கலாமே, மனுஷா. அந்தக் கடலில் வாரம் முழுக்க நல்ல வெயில். வானிலை அறிக்கை என் மேஜையிலேயே கிடக்கிறது.

மார்ச் 13

பெண் குழந்தை. இருவரும் நலம். தங்கை குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பாழாப்போன புயல் மட்டும் வராம இருந்திருந்தா, அவர்தான் முதல்ல தூக்கியிருப்பாரு."

"ஆமாம்மா" என்றேன்.